தொட்டியை யார் முதலில் தொட்டது

கெலிபியா
12 நவம்பர் 1989

என் தம்பி ஹெதிக்கு அக்கா ஷெத்லியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே கடலுக்கு அக்கரையில் நீ, உன் மனைவி தலீலா, பையன் நபீல், அவன் மனைவி, ஆளுக்கு ஒரு வரியாவது எழுது. போன முறை போல ‘அனைவரும் நலம்’ என்று மூட்டை கட்டி அனுப்பாதே.

என்னைக் கேட்டால் குறையே இல்லை. நேற்றுக்கூட துறைமுகம் வரை நடந்து போய் மத்தி வாங்கி வந்தேன். மிளகாயெல்லாம் காய்ந்து, இடித்து, ஹரீஸா ஜாடிகளில் ஏறிவிட்டது. உனக்கு ஒரு ஜாடி தனியாக இருக்கிறது.

இப்போது செய்தி. என் பேத்தி ஒல்ஃபா, மொங்கியின் மூத்தவள், கெர்க்குவான் பழைய நகரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை. நீலச் சட்டை, மார்பில் பெயர் அட்டை. ஐந்தாம் வகுப்போடு ‘போதும், வீட்டுக்கு வா’ என்று என்னை இழுத்து வந்தார் வாப்பா. இன்றைக்கு என் பேத்தி பேசப் பேச வெள்ளைக்காரர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்களாம். உன் குடும்பத்தில் அப்படி யாராவது உண்டா?

இன்னும் கேள். நம் தொட்டி அங்கே இருக்கிறது! உம்மா வசந்த காலத்தில் கம்பளி துவைக்க நம்மைக் கடலுக்குக் கூட்டிப் போவாளே, அந்த மேட்டில் புயல் மண்ணை அரித்த வருஷம் நாம் கையால் தோண்டிக் கண்டுபிடித்தோமே, நாற்காலி போல உட்காரும் சிவப்புத் தொட்டி. அதே தொட்டி, அதே உடைந்த விளிம்பு. உன் இடது காலைக் கிழித்த விளிம்பு. இப்போது அதைச் சுற்றிக் கயிறு கட்டி, பக்கத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷப் பழசாம். நாம் அதில் கம்பளி ஊற வைத்தோம் என்று ஒல்ஃபாவிடம் சொன்னேன். ‘பாட்டி, இதை என் மேலதிகாரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ என்றாள்.

வசந்தத்தில் வா. இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு நாள் போய்வரலாம். பந்தயத்தையும் முடித்துவிடலாம். புதரிலிருந்து தொட்டி வரை ஓட்டம். தோற்றவர் ஈரக் கம்பளியைச் சுமக்க வேண்டும். உன் முதுகுக்கு அது பழகியதுதான்.

உம்மா இறந்தபோது வந்து மூன்றாம் நாளே போனவன் நீ. அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கவே இல்லை.

துஆவுடன்,
அக்கா


மசாரா
10 டிசம்பர் 1989

அன்புள்ள அக்காவுக்கு, ஹெதியின் சலாம். உன் கடிதத்தைப் படகிலேயே உரக்கப் படித்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்போது உன் பேத்தியின் நீலச் சட்டை வரை தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

நீ கேட்டபடி ஆளுக்கு ஒரு வரி. தலீலா சுகம், வாயும் சுகம். நபீலும் அவன் மனைவியும் சுகம், ஆகஸ்ட் மாதம் குழந்தையை எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்ல ஆசைதான், இன்னும் ஒன்றும் இல்லை. நான் கல் மாதிரி இருக்கிறேன். கால் விரலில் கயிறு உரசி ஒரு சின்னப் புண். அவ்வளவுதான்.

பந்தயத்தைப் பற்றி உண்மையைப் பேசுவோம். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று எண்ணுவது நீ. ‘ரெண்டு’ என்னும்போதே ஓடிவிடுவதும் நீ. அப்படி ஜெயித்துவிட்டு ஐம்பது வருஷமாகப் பீற்றிக்கொள்கிறாய். இந்த முறை எண்ணுவது வேறு ஆள். வசந்தத்தில் வருகிறேன், தயாராக இரு.

திரும்பி வரவில்லை என்று என்னைக் குறை சொல்லாதே. நாங்கள் புறப்பட்ட கோடையில் முற்றத்து மழைநீர்த் தொட்டியில் சேறுதான் மிச்சம். போகிறவன் திரும்பி வரட்டும் என்று உம்மா பின்னால் ஊற்றியது ஒரே ஒரு குவளை. ஒரு குவளைக்கு எவ்வளவு வர முடியுமோ அவ்வளவுதானே வருவேன்?

உன் தம்பி,
ஹெதி


கெலிபியா
7 ஜனவரி 1990

தம்பிக்கு சலாம். நாங்கள் நலம். நீ வருவதாக எழுதிய வரியை வீட்டில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது.

மேல் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மொங்கி தன் பிக்கப் வண்டிக்குப் பின்னால் பலகை போட்டு எல்லோரும் உட்கார வழி செய்வான். அன்றைக்குக் கொண்டுபோக மீன் கூஸ்கூஸ், பூசணி கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, நீ கேட்பாயே அந்த மாதிரி. கெர்க்குவானில் நிழல் கிடையாது. அந்தக் காலத்தில் நமக்கு நிழலாக இருந்தது உம்மா காயப்போட்ட கம்பளிதான், நினைவிருக்கிறதா? அதற்கடியில் படுத்தால் சொட்டுச் சொட்டாக முகத்தில் விழும். ஆட்டு வாடை, உப்பு வாடை. இன்றைக்கும் மழையில் ஆட்டு மந்தை தெருவில் போனால் நான் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிடுகிறேன். வீட்டில் கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

விரல் புண்ணுக்குக் காப்பித்தூள் வை. உம்மா உன் காலுக்கு வைத்தது அதுதான்.

அக்கா


மசாரா
28 மார்ச் 1990

அன்புள்ள அக்காவுக்கு, சலாம். பதில் தாமதித்ததற்குத் திட்டாதே. இங்கே எல்லோரும் நலம். தலீலாதான் கொடுமைக்காரியாகிவிட்டாள், இனிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை.

வசந்தத்தில் வர முடியாது போலிருக்கிறது. படகின் எஞ்சின் படுத்துவிட்டது. அது சரியானால் சிவப்பு இறால் காலம் தொடங்கிவிடும், ஆளை விடமாட்டார்கள். அடுத்த வருஷம் பார்ப்போம்.

நீங்கள் போய்வாருங்கள். பிள்ளைகளிடம் தொட்டியைக் காட்டு.

ஹெதி


கெலிபியா
16 ஏப்ரல் 1990

தம்பிக்கு, சலாம். நாங்கள் நலம்.

எஞ்சினாம். சரி. நல்லதுதான், இந்த வருஷம் மழை அதிகம், அங்கே தரையெல்லாம் சேறு, ஓட முடியாது. எனக்கும் ஆயிரம் வேலை இருக்கிறது. உனக்காகக் காத்துக்கொண்டு ஒன்றும் உட்கார்ந்திருக்கவில்லை.

சுண்ணாம்பு அடித்தது அடித்ததுதான். அறையில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறேன்.

ஷெத்லியா


கெலிபியா
20 மே 1990

மதிப்புக்குரிய சின்னத் தாத்தாவுக்கு, மொங்கியின் மகள் ஒல்ஃபாவின் சலாம். உங்களை நான் நேரில் பார்த்த ஞாபகமே இல்லை. ஆனால் உங்கள் காலில் ஒரு தழும்பு இருப்பதும், அது எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் எழுதுவது பாட்டிக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை வீட்டில் சேர்க்க மாட்டார்.

பாட்டியால் நடக்க முடியாது, தாத்தா. முட்டி இரண்டும் போய் இரண்டு வருஷமாகிறது. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். துறைமுகத்துக்கு நடந்து போய் மீன் வாங்கியது, ஆயிரம் வேலை, எல்லாம் பொய். நான் ஒருமுறை கேட்டேன்: ‘நடக்க முடியலைன்னு எழுதினா தாத்தா ஓடி வந்துடுவாரே பாட்டி?’ அதற்கு அவர், ‘அய்யோ பாவம்னு பார்க்க வர்றவன் எனக்கு வேணாம்டி. என்னைத் தோற்கடிக்க வர்றதா இருந்தா வரட்டும்’ என்றார்.

உங்கள் கடிதம் வந்த அன்று முழுக்க எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிறார். விழுந்தும் விட்டார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை.

அடுத்த வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டி அடுத்த வருஷத்தை நம்புகிறவர் இல்லை. எப்படியாவது இந்தக் கோடையில் வாருங்கள். வந்தால் பந்தயத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்.

உங்கள் பேத்தி,
ஒல்ஃபா


மசாரா
9 ஜூன் 1990

பிள்ளை ஒல்ஃபாவுக்கு, சின்னத் தாத்தாவின் சலாமும் துஆவும். உன் கையெழுத்து அழகாக இருக்கிறது. உன் பாட்டியுடையதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். தலீலா பயந்து ஓடி வந்தாள். அவளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு அழுதாள்.

விஷயம் இதுதான் மகளே. எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. என் கால்தான் போய்விட்டது. விரலில் இருந்த புண் ஆறவில்லை. சர்க்கரை வியாதி எனக்கு ரொம்ப நாளாக உண்டு, அதை மதிக்காமல் விட்டேன். பிப்ரவரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது துறையில் உட்கார்ந்து வலை பின்னுகிறேன். தடி இரண்டு கொடுத்திருக்கிறார்கள், அக்குளில் வைத்து நடக்க.

உன் பாட்டி மனதில் நான் இன்னும் அந்த மேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறேன். அங்கேயே ஓடிக்கொண்டிருக்கட்டும். என்னால் வர முடியாது. இதை அவளிடம் காட்ட மாட்டேன் என்று எனக்கு நீ சத்தியம் செய்ய வேண்டும்.

ஹெதி


கெலிபியா
24 ஜூன் 1990

தம்பிக்கு, அக்காவின் சலாம்.

ஒல்ஃபாவைத் திட்டாதே. அவள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

‘யார்கிட்ட இருந்துடி கடிதம்?’

‘தோழிகிட்ட இருந்து.’

‘உன் தோழி என் தம்பி மாதிரியே கோணல் மாணலா எழுதுறாளே.’

‘பாட்டி, காட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணியாச்சு!’

‘காட்டாதே. மேசை மேல வச்சிட்டுப் போய் அடுப்பைப் பாரு.’

அவள் வைத்துவிட்டுப் போனாள். நானே எடுத்துப் படித்தேன், ஒரு எழுத்து விடாமல். ஐந்தாம் வகுப்பு அதற்குப் போதும்.

ஹெதி, எந்தக் கால்? அதை எழுதவே இல்லையே. இடது காலா? அந்தத் தழும்பும் போய்விட்டதா?

இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ ரத்தம் ஒழுகத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தாய். அழவில்லை. உம்மா காப்பித்தூளை அப்பிக் கட்டினாள். ஈரக் கம்பளியை அன்றைக்கு நான் சுமந்தேன். ஜெயித்தவளாக இருந்தும் சுமந்தேன். அதை நீ எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை.

ஒளிக்க இனி ஒன்றுமில்லை. எனக்கு இரண்டு கால் இருந்தும் ஒன்றும் நடக்காது. உனக்கு ஒன்றுதான், ஆனால் நடக்கிறது. கூட்டிக் கழித்தால் நீதான் முன்னால் இருக்கிறாய். இதைவிட நல்ல சமயம் உனக்குக் கிடைக்காது. வந்து ஜெயித்துப் பார்.

வெங்காயத்தை அறையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அக்கா


மசாரா
8 ஜூலை 1990

அக்காவுக்கு, சலாம்.

இடது கால்தான். தழும்பும் போய்விட்டது. மருத்துவமனையில் கண் விழித்ததும் எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கோடையில் இங்கே த்ராபானித் துறைமுகத்திலிருந்து கெலிபியாவுக்கு நேரே படகு விட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் நபீல் என்னைக் கூட்டி வருகிறான். தலீலா வரவில்லை. மருமகள் கடைசியில் உண்டாகியிருக்கிறாள், மசக்கை ரொம்ப இருக்கிறது, கூட ஆள் வேண்டும்.

பூசணி தூக்கலாக.

ஹெதி


கெலிபியா
12 ஆகஸ்ட் 1990

அன்பு தலீலாவுக்கு, உன் நாத்தனாரின் சலாம். மருமகள் வயிற்றில் இப்போது சாப்பாடு தங்குகிறதா? வறுத்த வாற்கோதுமை மாவை ஒலிவ எண்ணெயில் பிசைந்து கொடு, நபீலிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன்.

உன் புருஷன் வியாழக்கிழமை புறப்படுகிறான். அங்கே வந்து கெர்க்குவானைப் பற்றிப் பொய் சொல்லுவான். அதனால் உண்மையை நான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போனோம். பிக்கப்பில் முன்னால் நான், பின்னால் பலகையில் ஹெதி, பிள்ளைகள், சட்டி, தர்பூசணி. வழியெல்லாம் பின்னால் இருந்து கத்திக்கொண்டே வந்தான்: ‘மொங்கி, மெதுவாப் போடா! பந்தயக் குதிரையை ஏத்தி இருக்கே!’

வாசலில் எங்களைப் பார்த்ததும் காவலாளி சங்கடப்பட்டார். காப்பிக் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு வந்திருந்தோம். என்னை அதில் உட்கார வைத்து மொங்கியும் நபீலும் தூக்கிக்கொண்டார்கள். ஹெதி தடி ஊன்றி வந்தான். மண்ணில் தடி புதைகிறது, எடுக்கிறான், மறுபடி புதைகிறது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவனும் என் நாற்காலியைப் பார்க்காத மாதிரி வந்தான்.

ஒல்ஃபா நீலச் சட்டையில் முன்னால் நடந்தாள். இது சமையல் அறை, இது முற்றம், இது வாசல்படி என்று சொல்லிக்கொண்டே போனாள். அங்கே சுவர் முட்டி உயரத்துக்கு மேல் கிடையாது, தலீலா. ஊரே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ‘எங்களை மாதிரிதான்’ என்றான் உன் புருஷன்.

புதர் இருந்த இடம் வந்தது. புதர் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிறுத்தச் சொன்னோம். கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு அவன் சொன்னான்:

‘அக்கா, கம்பளி வாடை அடிக்கலை?’

‘அடிக்குது.’

‘சும்மா சொல்லாதே.’

‘நீ கேட்டதும் அடிக்குது.’

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ‘யார் எண்ணுறது?’ என்றான். ஒல்ஃபா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ‘இது பாதுகாக்கப்பட்ட இடம், இங்கே ஓடக் கூடாது’ என்றாள்.

‘யாரும்மா ஓடப் போறது? நீயே எண்ணு.’

அவள் தலையில் அடித்துக்கொண்டு எண்ணினாள். ‘ஒண்ணு... ரெண்டு...’ நான் மொங்கியின் தோளைத் தட்டினேன். நாற்காலி பறந்தது.

‘பார்த்தீங்களா! பார்த்தீங்களா! ரெண்டுலேயே!’ பின்னால் உன் புருஷனின் கூச்சல். பிள்ளைகள் விசில். மொங்கிக்கும் நபீலுக்கும் சிரிப்பில் கை நடுங்கி நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். தொட்டிக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது என் தலைக்குப் பக்கத்தில் ஏதோ பறந்து வந்து மண்ணில் விழுந்து, சறுக்கிப் போய், தொட்டிச் சுவரில் மெல்ல முட்டியது. அவன் தடி.

‘தொட்டாச்சு!’ என்றான். ஒரு காலில் நின்று, ஒரு தடியில் சாய்ந்து, மூச்சிரைக்க.

‘கட்டையை எறிஞ்சா கணக்கா?’

‘அது கட்டை இல்லை, என் கால். டாக்டரே சொன்னார், இனிமே இதுதான் உன் கால்னு. நீ மட்டும் என்ன, பிள்ளைங்க காலில் ஓடி வந்தவதானே?’

ஒல்ஃபா ஓடிப்போய்த் தொட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டாள். என் பேத்தி அவள்.

ஹெதி தரையில் உட்கார்ந்து அந்த உடைந்த விளிம்பில் விரலை வைத்தான். வெட்டுப்பட்ட இடம். அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். நான் குடிக்கக் கொண்டு போன தண்ணீரைத் தொட்டியில் கொஞ்சம் ஊற்றினேன். சிவப்பு இன்னும் சிவப்பானது. ஒழுகவில்லை, தலீலா. அத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

‘உம்மா அன்னைக்கு ஒரு குவளைதான் ஊத்துச்சு அக்கா’ என்றான், என்னைப் பார்க்காமல்.

‘வேற தண்ணி இல்லைடா. குடிக்க வச்சிருந்ததைத்தான் ஊத்துனா. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் யாரும் குடிக்கலை.’

அது அவனுக்குத் தெரியாது. நான் இவ்வளவு காலமாகச் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். ‘சொன்னா போன இடத்துல தண்ணி இறங்குமா உனக்கு?’ என்றேன்.

பிறகு சாப்பிட்டோம். இரண்டு தட்டு சாப்பிட்டான். தர்பூசணி கொடுக்கவில்லை, உன் கட்டளையை மதித்தேன்.

ஜெயித்தது நான். அவன் வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

உன் நாத்தனார்,
ஷெத்லியா


மசாரா
2 செப்டம்பர் 1990

அன்புள்ள அக்காவுக்கு, ஹெதியின் சலாம். நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மருமகளுக்கு உன் மாவு ஒத்துக்கொண்டது. ஹரீஸா ஜாடி உடையவில்லை. நீ தலீலாவுக்கு எழுதியதை இங்கே மூன்று வீடுகளில் வாசித்தாகிவிட்டது. எல்லோரும் என் தடிதான் முதலில் தொட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நான் புறப்பட்டபோது உன் நாற்காலியை வாசலில் போடச் சொன்னாய். குவளையில் தண்ணீர் கொண்டு வந்த பிள்ளையை ‘இது யாருக்குடி பத்தும்? வாளியைக் கொண்டா’ என்று துரத்தினாய். நான் வண்டியில் ஏறுவதற்கு முன்பே, என் முதுகுக்குப் பின்னால், அந்த வாளியை அப்படியே கவிழ்த்தாய். போகிறவன் பின்னால் தரையில் ஊற்றுவதுதானே வழக்கம் அக்கா? ஆளையே குளிப்பாட்டுவது எந்த ஊரில்?

எனக்கு இருப்பது ஒரே ஒரு செருப்பு. அது ஊறிப்போய், படகு முழுக்கச் சளக் சளக் என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நபீலுக்கு வெட்கம். எனக்கு இல்லை.

வந்ததும் தலீலா அதை வெயிலில் வைக்கப் போனாள். வேண்டாம், கொஞ்சம் ஈரமாகவே இருக்கட்டும், திரும்பிப் போக வேண்டியிருக்கிறது என்று சொன்னேன்.

உன் தம்பி,
ஹெதி